செவ்வாய்க்கிழமை வரும் இணையம்

கிளிநொச்சியில் நான் முதன்முதலாகக் கண்ட இணையம் இடுப்பில் சாரம் கட்டியிருந்தது. வெற்றிலை போட்டது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், பஸ் வழியில் நின்றுவிடாவிட்டால், பகல் பதினொரு மணிக்கு வந்து இறங்கியது. இதை வாசித்துவிட்டு, 'அதற்கு முன்பே எங்கள் அலுவலகக் கூரையில் பெரிய தட்டு வைத்து இணையம் எடுத்தோமே' என்று யாராவது கோபிக்கக்கூடும். எடுத்திருப்பீர்கள். நான் மறுக்கவில்லை. கையில் ஒரு குழந்தையும் ஒரு பிளொப்பியும் மட்டும் வைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு வந்த இணையத்தைச் சொல்கிறேன். அதற்குப் பெயர் தெறி நானா.

உண்மைப் பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது மரியாதைக் குறைவா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சட்டைப் பொத்தானை எங்கள் பக்கத்தில் தெறி என்போம், முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு, வவுனியாவிலிருந்து தெறி, நூல், சிப், கொக்கி எல்லாம் ஒரு தோற்பையில் கொண்டுவந்து கிளிநொச்சி, பரந்தன் தையல் கடைகளுக்குக் கொடுத்த முஸ்லிம் வியாபாரி அவர். நாற்பது வயதிருக்கும். மேல் தெறியிலிருந்து கீழ்த் தெறி வரை பூட்டிய முழுக்கைச் சட்டைதான் எப்போதும். சித்திரை வெயிலிலும் கழுத்துத் தெறியைக் கழற்றமாட்டார். "தெறி விக்கிறவன் தெறி பூட்டாமத் திரிஞ்சா எவன் வாங்குவான்?" என்பார்.

அவர் இணையமான கதை இப்படி. கொழும்பில் ஒரு நிறுவனம், வணிகம் படித்தவர்களுக்கு விரிதாளும் தரவுத்தளமும் இணைய வழியாகக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. தமிழில். வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்று விளம்பரம் சொன்னது. வீட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இருக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டது. எங்கள் ஊரில் தையல்கடை வைத்திருந்த அக்காவுக்குக் கனடாவிலிருந்த தம்பி நான்கு கணினிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். கடையின் பின்னறையில் அவற்றை வைத்து, ஜெனரேட்டர் போட்டு, ஆறு பேரைச் சேர்த்தா அந்த அக்கா. ஆறாவது ஆள் நான். உயர்தரத்தில் வணிகம் படித்தவள், கலியாணம் முடித்தவள், மடியில் ஐந்து மாதப் பெண் குழந்தை.

முதல் நாள் ஆறு பேரும் நான்கு கணினிகளுக்கு முன் இருந்தோம். எல்லாம் இருந்தது, இணையம் மட்டும் இல்லை. முன்கடையில் தெறி காட்டிக்கொண்டிருந்த நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறீங்கள்?"

"பாடம் வவுனியாவிலதான் எடுக்கலாம் நானா. இஞ்ச லைன் இல்லை" என்றா தையல்கடை அக்கா.

"எங்கட கடைக்குப் பக்கத்திலதான் இன்ரநெற் கடை. நான் எடுத்துக்கொண்டு வாறன். எவ்வளவு பாரம் வரும்?"

"பாரமில்லை நானா. பிளொப்பியில போட்டுத் தருவினம்."

நானா ஒரு பிளொப்பியை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இதுக்குள்ள ஆறு பேருக்குப் படிப்பா? தெறியெண்டாலும் இதவிடப் பாரம்" என்றார். ஆனால் அடுத்த செவ்வாய் கொண்டுவந்தார். அதற்கடுத்த செவ்வாயும் கொண்டுவந்தார். நாங்கள் செய்த பயிற்சிகளை அதே பிளொப்பியில் திருப்பிக் கொண்டுபோய், நெற் கடைப் பெண்ணிடம் கொடுத்து, கொழும்புக்கு அனுப்புவித்தார்.

கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனாலேயே பாடங்களை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதில் மிகக் கடுமையான கொள்கைகள் வைத்திருந்தார். பிளொப்பிகளைக் குழந்தைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைப்பார். பெட்டி மடியில்தான் இருக்க வேண்டும். யன்னல் பக்கம் இருக்கமாட்டார், வெயில் பட்டால் பாடம் உருகிவிடும். பின் சீற்றில் இருக்கமாட்டார், குலுங்கினால் எழுத்து கலங்கிவிடும். ஒருமுறை பக்கத்தில் கருவாட்டுப் பையோடு ஒருவர் வந்து இருக்க, கிளிநொச்சி வரை நின்றபடியே வந்தார். "கருவாட்டு மணம் ஏறினாப் பிறகு போகாது தங்கச்சி. நீங்க கட்டத்துக்குக் கட்டம் மணந்துகொண்டுதான் படிக்கவேணும்."

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கிப் பொதிகளைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் குழந்தைத் துணி, துணியை விரித்தால் ஆறு கறுப்புச் சதுரங்கள். முதல் தடவை அரை மணித்தியாலம் மறித்து வைத்தார்களாம். அதன் பிறகு பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நானா, "பாடம், மஹத்தயா, பாடம்" என்று சிங்கள மரியாதையோடு சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு மாதம் போனதும், "இண்டைக்கு என்ன பாடம்?" என்று அவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சொன்னார். இது உண்மையா தெரியாது. நானா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆறு பிளொப்பிகளும் ஒரே மாதிரி. ஒட்டிய பெயர்த்துண்டுகள் வேர்வையில் கழன்றுவிட்டன. நானா தன் தொழிலால் அதைத் தீர்த்தார். பிளொப்பியின் மூலையில் சின்ன ஓட்டை ஒன்று இருக்குமல்லவா? அதற்குள் நூலைக் கோத்து, ஆளுக்கொரு தெறி கட்டிவிட்டார். ஒருவருக்குக் கறுப்புக் கோட்டுத் தெறி, ஒருத்திக்குச் சிவப்பு மணித் தெறி. எனக்கு மஞ்சள் வாத்து. குழந்தைச் சட்டைக்குத் தைக்கும் வாத்து. "உங்கட பிள்ளைக்காகத் தெரிஞ்செடுத்தனான்" என்றார். கணினிக்குள் செருக முன் நூலை அவிழ்க்க வேண்டும், எடுத்த பின் கட்ட வேண்டும். பாடத்தில் ஒரு மணித்தியாலம் முடிச்சவிழ்ப்பதிலேயே போனது.

சந்தேகங்களை நாங்கள் துண்டில் எழுதிக் கொடுப்போம். நெற் கடைப் பெண் அதைத் தட்டெழுதி ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வவுனியா போய்ச் சேர இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுக்குமே, அதுவரை ஒரு கேள்வியைச் சட்டைப் பைக்குள் சும்மா வைத்திருக்க நானாவுக்கு மனம் வராது. பஸ்ஸிலேயே கேட்டுவிடுவார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விரிதாளில் பழகுவதற்காக மகளின் நிறையை மாதா மாதம் பதிந்து, அதற்கு ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்தேன். பத்து வயதில் எழுபது கிலோவைத் தாண்டியது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. 'நான் பால் கூடக் கொடுக்கிறேனா, அல்லது சூத்திரம் பிழையா?' என்று துண்டில் எழுதி அனுப்பினேன். அடுத்த செவ்வாய் நானா ஆசிரியரின் பதிலுக்கு முன் பஸ்ஸின் பதிலைச் சொன்னார்.

"முறிகண்டியில ஏறின ஒரு அம்மா சொன்னவ, அவவின்ட மூத்தவன் இதவிடக் கொழுப்பாம். இப்ப ஈர்க்குமாதிரி இருக்கிறானாம். பிள்ளை நல்லாத்தான் இருக்கு. கோடுதான் கொழுத்துப்போச்சு."

"ஆசிரியர் என்ன சொன்னவர்?"

"அவரும் இதத்தான் சொன்னவர். கொஞ்சம் நீட்டிச் சொன்னவர்."

எல்லாப் பதிலும் இப்படிச் சுகமாக முடியவில்லை. ஒரு பட்டியலில் உள்ள பெயருக்கு இன்னொரு பட்டியலிலிருந்து விவரம் தேடி எடுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அதன் கடைசி இடத்தில் உண்மை என்று போடுவதா, பொய் என்று போடுவதா என்று நான் கேட்டிருந்தேன். அந்தக் கிழமை நெற் கடையில் அச்செடுக்கும் இயந்திரம் பழுது. ஆசிரியரின் பதிலை நானா வாயாலே கொண்டுவந்தார்.

"உண்மையெண்டு போடட்டாம்."

போட்டேன். என் விரிதாளில் கல்யாண ரவிக்கை தைப்பவருக்குக் காக்கிக் காற்சட்டைத் தெறியும், பள்ளிச் சீருடை தைப்பவருக்குச் சரிகைக் கொக்கியும் போய்ச் சேர்ந்தன. இரண்டு கிழமை கழித்து, 'பொய் என்று போடும்படி தெளிவாகச் சொல்லியிருந்தேன்' என்று ஆசிரியரிடமிருந்து அச்சடித்த தாள் வந்தது. அதை நானாவிடம் நீட்டினேன்.

"ஓம், அவர் பொய்யெண்டுதான் சொன்னவர்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "நான்தான் மாத்திச் சொன்னனான். பொய் போட்டு வாற சரி நமக்கெதுக்கு தங்கச்சி? பிள்ளைத்தாச்சி வீடு."

"நான் பிள்ளைத்தாச்சி இல்லை நானா. பிள்ளை பிறந்து எட்டு மாசமாகுது."

"அப்ப இன்னும் கவனமா இருக்கவேணும்."

தரவுத்தளப் பகுதி தொடங்கியபோது, ஒரு சிறு வியாபாரத்தை எடுத்து அதற்குத் தரவுத்தளம் அமைக்கச் சொன்னார்கள். நான் நானாவின் தோற்பையை எடுத்துக்கொண்டேன். எத்தனை வகைத் தெறி, எத்தனை ஓட்டை, என்ன நிறம், எந்தத் தையல்காரர் எதைக் கேட்பார். ஒவ்வொரு வகைக்கும் தனி இலக்கம் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"தெறிக்கு இலக்கமா?"

"ஓம் நானா. ஒண்டைப்போல ஒண்டு இருக்கக்கூடாது. அப்பதான் மாறுப்படாது."

"அப்ப படமும் பிடிச்சு அடையாள அட்டையும் குடுங்கோ. ஓமந்தையில ஒவ்வொண்டா இறக்கிக் காட்டுறன்."

நான் வினவல் எழுதி, இயக்கி, ஜெனரேட்டர் ஒருமுறை நின்று, மறுபடி இயக்கி, 'பரந்தனில் நாலு ஓட்டைக் கறுப்புத் தெறி கேட்பவர்கள்' என்று எடுப்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு பெயர் சொல்லிவிடுவார். கணினி மூன்றுதான் சொல்லும். நாலாவது ஆளை நான் பதிய மறந்திருப்பேன். "அது பாவம், இப்பதானே படிக்குது" என்று கணினியின் தலையில் தட்டிக் கொடுப்பார்.

இதற்குள் ஆறு பேர் குறைந்துகொண்டே வந்தோம். ஒருவர் லண்டன் போனார். ஒருத்தி கலியாணம் முடித்தாள். இருவருக்கு அலுத்துப்போனது. ஒருவர் கணினியைக் கைவிட்டு உழவு இயந்திரம் வாங்கினார். கடைசியில் நான் மட்டும். ஒற்றைப் பிளொப்பிக்காகவும் நானா அதே சாப்பாட்டுப் பெட்டியை அதே குழந்தைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

எனக்கு விட முடியாத காரணம் இருந்தது. கூட்டுறவுச் சங்கமொன்றில் களஞ்சியப் பதிவு வேலை. சான்றிதழோடு வந்தால் தருவோம், வருட முடிவு வரைதான் வைத்திருப்போம் என்றார்கள். என் கணவர் ஸ்கந்தபுரத்தில் தொண்டர் ஆசிரியர். நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை எங்களுக்குத் தேவை. தேவை என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தையல்கடைத் துணிக்குவியலில் படுக்கவைத்துவிட்டுக் கட்டங்களை நிரப்புகிற நான் நல்ல தாயா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. மாமி அதைக் கேட்கவில்லை. கேட்காமலே பார்ப்பா.

அப்படியிருக்கும்போதுதான் வாத்து தொலைந்தது.

ஒரு செவ்வாய், நூலைக் கட்டலாம் என்று பார்த்தால் மஞ்சள் வாத்தைக் காணவில்லை. மேசையில் இல்லை. நிலத்தில் இல்லை. துணிக்குவியலில் மகள் இருந்து எதையோ விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எச்சிலைத்தான் விழுங்கினாள் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது.

நானா முன்கடையில் நின்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன் போய் நின்று, இரண்டு வாடிக்கையாளர்களும் தையல்கடை அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன்.

"பிள்ளை இருக்கிற இடத்தில தெறியைக் கொண்டுவந்து கட்ட ஆர் சொன்னது? நான் கேட்டனானா? உங்களுக்கு இது விளையாட்டு. என்ர பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

நானா பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சைக்கிளில் வைத்தியசாலைக்கு ஓடினோம். தாதி பிள்ளையை வாங்கி, வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, "கிளினிக் காட்டைத் தாங்கோ" என்றா. கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை இழுத்தா. அட்டையோடு மஞ்சள் வாத்து வந்து மேசையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, என்னைப் பார்த்தபடி நின்றது.

பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது என்று காலையில் நானே கழற்றி, மிகப் பாதுகாப்பான இடம் என்று அதற்குள் வைத்திருந்தேன்.

தாதி வாத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நீங்கள் தண்ணி கொஞ்சம் குடியுங்கோ" என்றா.

அடுத்த செவ்வாய் நானாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனேன். அவர் பிளொப்பியை நீட்டினார். ஓட்டையில் தெறி இல்லை, சிவப்பு நூல் மட்டும் கட்டியிருந்தது. "பிள்ளை சுகமா?" என்றார். "சுகம் நானா" என்றேன். வாத்து எங்கே இருந்தது என்று வாயில் வரவில்லை. வெட்கம். அதற்கடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நினைப்பாரே என்று நினைத்தேன். இப்படியே ஆறு செவ்வாய் போயிற்று.

இறுதிப் பரீட்சை அறிவித்தல் வந்தபோதுதான் பிளொப்பியால் ஆகாத ஒன்றும் உலகத்தில் உண்டு என்று தெரிந்தது. வினாத்தாள் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் திறக்கும். பன்னிரண்டு மணிக்குப் பூட்டும். நேரே இருந்துதான் செய்ய வேண்டும்.

நானாவுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. "நான் எடுத்துக்கொண்டு வந்து, நீங்க செய்து, நான் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்க ஒரு கிழமை தரமாட்டாங்களா? நாங்க என்ன களவா எடுக்கப்போறம்?"

தரமாட்டார்கள். என் கணவருக்கு அன்று பள்ளியில் தவணைப் பரீட்சை. மாமிக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. மகள் போத்தலில் குடிக்கமாட்டாள், விட்டுவிட்டும் போக முடியாது. "நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார் நானா. அதற்காக முதல் நாளே வந்து பரந்தன் தையல்காரர் ஒருவர் வீட்டில் தங்கினார்.

விடிய முதல் பஸ்ஸுக்கு, பயண அனுமதிப் பாஸ், அடையாள அட்டை, மூன்று செற் குழந்தைத் துணி, சுடுநீர்ப் போத்தல், கிளினிக் அட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு நின்றேன். நானா வந்தார். தோற்பை இல்லை. அவரைத் தோற்பை இல்லாமல் பார்ப்பது ஏதோ கால் இல்லாதவரைப் பார்ப்பது போலிருந்தது. அதைவிட, சட்டை. அவருடைய அதே வெள்ளை முழுக்கைச் சட்டைதான். ஆனால் முன்பக்கம் தெறி இருந்த இடங்களிலெல்லாம் வெள்ளை நாடா தைத்து முடிந்திருந்தது. பிறந்த குழந்தைக்குப் போடும் சட்டையில் நாடா முடிவோமே, அப்படி. மேலிருந்து கீழ் வரை சின்னச் சின்னப் பூ முடிச்சு. இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று.

நடத்துநர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன நானா, பிறந்து இன்னும் நாற்பத்தொண்டு நாள் கழியேல்லையோ?"

"காத்து வரட்டுமெண்டு" என்றார் நானா.

எனக்குக் கேட்கவும் சிரிக்கவும் நேரமில்லை. ஓமந்தையில் வரிசை நீளம். அங்கும் அவருடைய நாடாக்களைப் பார்த்து இரண்டு பேர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நெற் கடைக்குள் நான் நுழைந்தபோது பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நெற் கடைப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. "நீங்கள்தானா அந்த அக்கா?" என்று எழுந்தாள்.

"எந்த அக்கா?"

"நானா ஒவ்வொரு கிழமையும் சொல்லுற அக்கா." கணினியைத் திருப்பி, பாடநெறியில் என் பெயருக்குரிய பக்கத்தைத் திறந்து காட்டினாள். நான் அனுப்பிய ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், நான் எழுதாத குறிப்புகள் இருந்தன. நானா சொல்லச் சொல்ல அவள் தட்டியவை.

'இந்தக் கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். பிழை இருந்தால் அது காய்ச்சலின் பிழை.'

'இவ ஒரு கையால் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் செய்தது. அரைவாசிப் பிழையை மன்னிக்கவும்.'

'பொய் போட வேண்டிய இடத்தில் உண்மை போட்டது நான். தங்கச்சி நீங்கள் சொன்னபடி செய்கிற ஆள்.'

ஆசிரியரும் பதில் எழுதியிருந்தார். தொடக்கத்தில், 'யார் இதை எழுதுவது?' பிறகு, 'குறிப்பு கிடைத்தது.' பிறகு, 'பிள்ளைக்கு இப்போது எப்படி?' எனக்கு முகம் எரிந்தது. கொழும்பில் முகம் தெரியாத ஒரு ஆசிரியருக்கு என் பிள்ளையின் வயிற்றோட்டம் வரை தெரிந்திருந்தது. கோபிக்கலாம் என்று நிமிர்ந்தபோது, வாத்து தொலைந்த கிழமையின் குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு வரிதான். 'தங்கச்சிக்கு இந்தக் கிழமை மனம் சரியில்லை. காரணம் நான்.'

"நேரமாச்சு அக்கா" என்றாள் பெண்.

பிள்ளைக்குப் பால் கொடுத்து நானாவிடம் கொடுத்தேன். அவர் அவளை வாங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முன்பகுதியில் தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நான் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடங்கினேன்.

அந்தக் கடையில் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஒரே லைன். யாராவது தொலைபேசியைத் தூக்கினால் இணையம் அறுந்துவிடும். அன்று காலை யாருக்கும் தொலைபேசி கொடுப்பதில்லை என்று பெண் ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் பதினொன்றரை மணிக்கு அவள் ஏதோ அலுவலாகப் பக்கத்துக் கடைக்குப் போக, ஒருவர் உள்ளே வந்தார். கண்ணாடிக்குள்ளால் எனக்கு எல்லாம் கேட்டது.

"கட்டாருக்கு ஒரு கோல் எடுக்கவேணும்."

"இப்ப ஏலாது" என்றார் நானா. தொலைபேசியை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் என் மகளை வைத்துக்கொண்டார். "இந்தப் பிள்ளையின்ட உம்மா உள்ளுக்குச் சோதினை எழுதுறா."

"எனக்கு அவசரம் நானா. தம்பி பாத்துக்கொண்டிருப்பான்."

"கட்டார் எங்கயும் போகாது. பன்னிரண்டு மணிக்கும் அங்கதான் இருக்கும். இருங்க, வெத்திலை போடுங்க."

வந்தவர் தொலைபேசிக்குக் கை நீட்டினார். என் மகள், யாரையும் கடித்தறியாதவள், அந்தக் கையைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். இரண்டு பல்தான். போதுமாக இருந்தது. அவர் வெற்றிலை போட உட்கார்ந்தார். நானா ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் பிள்ளையைக் கண்ணாடிக்கு நேரே தூக்கி, முன்பக்கம் ஒருமுறை, முதுகுப்பக்கம் ஒருமுறை, சாமான் குறையவில்லை என்று காட்டுவது போலக் காட்டினார். நான் தலையாட்டினேன். கடைசிக் கேள்வியில் அந்தத் தேடும் சூத்திரம் வந்தது. நானா இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கடைசி இடத்தில் பொய் என்று போட்டேன். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

பெறுபேறு இரண்டு கிழமை கழித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வந்தது. பெரிய பெறுபேறில்லை. வேலைக்குப் போதுமாக இருந்தது. இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

பரீட்சையன்று திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, இனிமேல் பிந்தினால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"நானா, அந்த வாத்துத் தெறி."

"கிளினிக் காட்டுக்குள்ள கிடந்தது."

நான் அவரைப் பார்த்தேன். மகள் அவர் தோளில் நித்திரையாகிவிட்டாள். ஒரு நாடா அவள் வாயில் நனைந்துகொண்டிருந்தது.

"எப்பிடித் தெரியும்?"

"அந்த நேர்ஸ் பிள்ளை அடுத்த செவ்வாய் பஸ்ஸில எனக்கு முன் சீற். அவ சொல்லி, பஸ்ஸே சிரிச்சது. நானும் சிரிச்சனான். நீங்க கோவிக்கக்கூடாது."

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்க சொல்ல வெளிக்கிட்டு வெளிக்கிட்டு நிக்கிறது தெரிஞ்சது. ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கதானே எண்டு இருந்திட்டன்."

"அப்ப பிள்ளை விழுங்கேல்லை எண்டும் தெரியும். பிறகேன் சட்டைத் தெறியெல்லாத்தையும் வெட்டினீங்கள்?"

நானா வெற்றிலைச் சரையைப் பிரிக்கப் போனார். தோளில் பிள்ளை இருப்பது நினைவு வந்து, மடித்து வைத்தார்.

"பிள்ளை விழுங்காது தங்கச்சி. அது கெட்டிக்காரி. நீங்கதான் உள்ளுக்கிருந்து எண்ணிக்கொண்டிருப்பீங்க, நானாவின்ட சட்டையில ஏழு கிடக்கா, ஆறு கிடக்கா எண்டு. பிறகெங்க சோதினை எழுதுறது?"

பரீட்சை தொடங்குமுன் ஒருமுறை கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன் என்றேனே, அப்போது உண்மையில் எண்ணத்தான் தொடங்கினேன். கழுத்திலிருந்து கீழே வந்தேன். எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் முதலாவது கேள்வியை வாசித்தேன்.